செப்டம்பரில் தெரியும் கோளாறுக்குக் காரணத்தை ஜூலையில் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பொதுத் தோட்டங்களுக்குத் தொண்டு செய்ய வரும் நம் ஆட்களிடம் ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் கிளம்பும். அசேலியாப் புதர் ஏன் பூக்கவில்லை, நட்ட கன்று ஏன் காய்ந்தது, மரத்தின் ஒரு கிளை மட்டும் ஏன் துளிர்க்கவில்லை? கேட்பவர்கள் மருந்துப் பெயரை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. ஜூன், ஜூலையில் நம் கை அந்த இடத்தில் என்ன செய்தது என்று தெரிந்தால் போதும். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், செப்டம்பரில் வசந்தம். குளிர்காலத்தில் மழை கிடையாது, வெயில் இதமாக இருக்கும், வேலை செய்யச் சுகமாக இருக்கும். அதனால்தான் செடிகள் தூங்கும் மூன்று மாதங்களில் நாம் அளவுக்கு மேல் வெட்டுகிறோம், கிளறுகிறோம், நடுகிறோம். விளைவு வசந்தத்தில் வந்து நிற்கிறது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்

ஒன்று, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பாத்தி, எந்தத் தேதி, யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வார வேலையும் அதில் ஒரு வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். தொண்டர்கள் மாறி மாறி வரும் தோட்டத்தில் இந்த நோட்டுதான் பாதி வைத்தியம்.

இரண்டு, சந்தேகமான கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தென்படும் இடம் வரைக்கும்தான் செத்தது.

மூன்று, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மண்ணை மூடிப் பரப்பிய சருகு, அதாவது மூடாக்குக்கு அடியில் ஈரம் இருக்கலாம். அதேபோல மேலே ஈரமாகத் தெரிந்து உள்ளே தூளாகவும் இருக்கலாம்.

இலைகள் கருகிவிட்டன

உறைபனி, வறட்சி, பெர்க் காற்று. மூன்றுமே இலையைக் கருக்கும். மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம் என்பதால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரே இரவில் இலை கறுத்து, தொட்டால் வெந்த கீரை மாதிரித் தொளதொளவென்று இருந்தால் அது உறைபனி. சரிவின் அடியிலும் ஓடைக்கரையிலும் இருக்கும் செடிகள்தான் முதலில் அடிபடும். குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தில் போய்த் தங்கும். மாரிட்ஸ்பர்க்கே ஒரு பள்ளத்தாக்கில் இருப்பதால் மேட்டுத் தெருவில் இல்லாத உறைபனி கீழ்த் தெருவில் இருக்கும். பிளெக்ட்ராந்தஸ் போன்ற தண்டு மென்மையான செடிகள் முதலில் போகும். பெரிய மரத்தின் நிழலுக்குள் இருப்பவை தப்பிக்கும், வானத்தைப் பார்த்து நிற்பவை கருகும்.

இலை ஓரத்திலிருந்து மெதுவாக, வாரக்கணக்கில், அடி இலைகளில் ஆரம்பித்துக் காய்ந்துகொண்டே வந்தால் அது வறட்சி.

ஒரே நாளில், செடியின் வடமேற்குப் பக்கம் மட்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் பெர்க் காற்று. டிராகன்ஸ்பர்க் மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் இந்த வறண்ட அனல்காற்று ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு குளிர்கால நாளைத் திடீரென்று 30 பாகைக்கு மேல் கொண்டுபோய்விடும். மறுநாளே குளிர் முகப்பு வந்து ஸ்வெட்டர் போட வைக்கும்.

உறைபனி பட்டதை வெட்டாதீர்கள். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும். கறுத்த இலைகள் அடியில் இருக்கும் உயிருள்ள தண்டை அடுத்த உறைபனியிலிருந்து காக்கின்றன. இப்போது வெட்டினால் செடி துளிர்விடும், அந்தத் துளிர் அடுத்த குளிரில் சாகும். செப்டம்பர் நடுவில், புதுத் துளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே வெட்டுங்கள். அடுத்த ஆண்டுக்கு மே கடைசியிலேயே அந்தப் பள்ளத்துச் செடிகளுக்கு வெள்ளைப் பனித்துணி போட ஏற்பாடு செய்யுங்கள். சாயங்காலம் போட்டுக் காலையில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், இலையைத் தொடும் இடமெல்லாம் கருகும்.

பெர்க் காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்று விடியற்காலையில் தொட்டிச் செடிகளுக்கும் புது நடவுக்கும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காற்று அடிக்க ஆரம்பித்த பிறகு ஊற்றுவது அவ்வளவாக உதவாது. அன்றைக்குத் தோட்டத்தில் எங்கும் நெருப்பு கூடாது, சிகரெட் துண்டு உட்பட.

அசேலியா பூக்கவில்லை

செப்டம்பரில் மாரிட்ஸ்பர்க் தெருக்களே அசேலியாவால் நிறம் மாறும் ஊர் இது. பொதுத் தோட்டத்தில் மட்டும் பச்சைப் புதராக நின்றால் வருகிறவர்கள் கேட்காமல் போக மாட்டார்கள். மொட்டு இருக்க வேண்டிய கிளை நுனியை முதலில் பாருங்கள்.

நுனியே இல்லை, கத்தரித்த தழும்பு இருக்கிறது என்றால் பதில் நோட்டில் கிடைக்கும். அசேலியா அடுத்த வசந்தத்து மொட்டைக் கோடைக் கடைசியிலேயே கட்டிவிடும். குளிர்காலத்தில் அழகாக உருட்டிக் கவாத்து செய்தவர்கள் அந்த ஆண்டுப் பூவை முழுதாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். "நல்லா சுத்தமாத்தானே வெட்டினோம் கண்ணு" என்று ஆன்ட்டிகள் மனம் வருந்துவார்கள். அவர்கள் வெட்டியதில் குறை எதுவும் இல்லை, மாதம்தான் தவறு. அசேலியாவைப் பூ உதிர்ந்த உடனே, அக்டோபரில், கத்தரிக்க வேண்டும். இந்த ஆண்டு செய்ய ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு மே மாதமே அந்தப் பாத்தியில் "கத்தரி வேண்டாம்" என்று ஒரு பலகை குத்திவையுங்கள்.

மொட்டு இருக்கிறது, ஆனால் பழுப்பாகச் சுருங்கியிருக்கிறதா? ஒன்றை எடுத்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளேயும் பழுப்பு என்றால் குளிர்காலத்தில் தண்ணீர் போதவில்லை. குளிர்காலத்தில் செடி தூங்குகிறது, தண்ணீர் வேண்டாம் என்ற பொதுவிதி அசேலியாவுக்கு ஒத்துவராது. அதன் வேர் மேல்மண்ணிலேயே பாய் விரித்த மாதிரி இருக்கும், மழையில்லாத ஜூலையில் சீக்கிரம் காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை ஆழமாக நனையுங்கள், பைன் ஊசி மூடாக்கு போடுங்கள். அடியில் மண்வெட்டியோ களைக்கொத்தோ போடவே கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள்.

மொட்டு மலர்ந்தது, ஆனால் இரண்டே நாளில் இதழில் நீர்கோத்த புள்ளி வந்து, கொழகொழவென்று பழுப்பாகிச் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் இதழ் கருகல் பூஞ்சை. மூடுபனி நாட்களில் வேகமாகப் பரவும். பாதித்த பூக்களைப் பறித்துப் பையில் கட்டி வெளியே அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, அடியில் விடுங்கள். குளிர்காலத்தில் பழைய மூடாக்கின் மேல்பகுதியை வாரி எடுத்துப் புதியது போட்டால் அடுத்த ஆண்டு குறையும்.

பூ இருந்தும் இலைகள் வெளிறி, பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் இலையைத் திருப்புங்கள். அடியில் கறுப்புத் துளிகள் இருந்தால் சரிகைப் பூச்சி. சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். மேலே தெளித்தால் பயனில்லை.

ஹைட்ராஞ்சியாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். போன ஆண்டுத் தண்டில் பூப்பது அது. குளிர்காலக் கடைசியில் பழைய பூத்தலைக்குக் கீழே தடித்த மொட்டு ஜோடி வரைக்கும் மட்டும் வெட்டுங்கள். ரோஜாவை ஜூலைக் கடைசியில் துணிந்து வெட்டலாம், அது தாங்கும். ரோஜாவுக்குக் கற்ற கவாத்தை மற்ற எல்லாச் செடிக்கும் செய்வதுதான் பெரும்பாலான பிரச்சினைகளின் வேர்.

மரத்தின் ஒரு பக்கம் துளிர்க்கவில்லை

இதை அவசரப்படாமல் படியுங்கள். மற்ற எல்லாக் கோளாறும் ஒரு பருவத்தோடு போகும். இது மரத்தையே கொண்டுபோகும், பக்கத்துத் தெருவுக்கும் பரவும்.

இந்த ஊரின் தேசியத் தாவரவியல் பூங்கா 1874-இல் தொடங்கியது. அதன் சாலையில் வரிசையாக நிற்கும் பிளேன் என்ற நிழல்மரங்கள் 1908-இல் நட்டவை. அந்தப் பூங்காவின் பிளேன் மரங்களில்தான் 2017-இல் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டிரூடி பாப், பலமரத் துளைவண்டு இந்த நாட்டில் மரங்களைத் தாக்குவதை முதலில் கண்டறிந்தார். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த வண்டு அது, இலங்கை மலையகத்தில் தேயிலைச் செடியைத் துளைக்கும் வண்டுக்கு நெருங்கிய உறவு. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். அது மரத்தைத் தின்பதில்லை. துளைத்து உள்ளே போய்ப் பூஞ்சையைப் பயிர் செய்து, அதைத் தின்று வாழ்கிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடுகிறது, கிளை காய்கிறது.

எப்படிப் பார்ப்பது? பிளேன் மரம் குளிர்காலத்தில் இலையில்லாமல் நிற்பதால் இலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அடிமரத்தைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் மரத்தைச் சுற்றி வாருங்கள். பால்பாயின்ட் பேனா முனை அளவுக்கு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டத் துளைகள் இருக்கின்றனவா, துளையைச் சுற்றி ஈரக்கறையோ பிசினோ, மாவு மாதிரி மரத்தூளோ இருக்கிறதா என்று பாருங்கள். வெண்ணெய்ப்பழ மரத்தில் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பிளேன் மரப்பட்டை பெரிய செதில்களாக உரிவது இயல்பு, அதை நோய் என்று நினைக்க வேண்டாம். வரிசையாக, பெரிதாக இருக்கும் ஓட்டைகள் மரங்கொத்தியுடையவை.

செப்டம்பரில் மற்றக் கிளைகள் துளிர்த்து ஒன்று மட்டும் துளிர்க்காவிட்டால் சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். பச்சை இல்லை, அடியில் துளைகளும் இருக்கின்றன என்றால் நீங்கள் வெட்ட வேண்டாம். படம் எடுங்கள், படத்தில் பேனாவை அளவுக்கு வையுங்கள், மரத்தில் ஒரு நாடா கட்டுங்கள், தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். ஃபாபி இத்தகைய தகவல்களைப் பெற்றுக்கொள்கிறது. பிளேன் மரத்தோடு நிற்காமல் கல்யாண முருங்கையின் உறவான பவளமரம், ஓக், பாக்ஸ் எல்டர், வேலி ஓரத்து ஆமணக்கு, எல்லாவற்றையும் பாருங்கள். ஆமணக்கு அதற்குப் பிடித்த வீடு. அது இங்கே களையும்கூட, பிடுங்கிவிடலாம்.

தொண்டர்கள் கையில் இருக்கும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வெட்டிய கட்டையை யாரும் விறகுக்கு, நெருப்பில் இறைச்சி சுடும் பிராய்க்கு, வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. நல்ல விறகு வீணாகிறதே என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு கேட்காது, தெரியும். ஆனால் அந்தக் கட்டைக்குள் வண்டு உயிரோடு பயணம் செய்கிறது, ஒரு காரில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. மரச்சில்லாக அரைத்தால் 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே அரைக்க வேண்டும், பிறகு தெளிவான பிளாஸ்டிக்கால் மூடி வாரக்கணக்கில் கோடை வெயிலில் வேகவிட வேண்டும். ஜூலை வெயிலுக்கு அந்தச் சூடு கிடையாது. அதனால் குளிர்காலத்தில் யாராவது ஒரு லாரி மரச்சில்லு இலவசமாகக் கொண்டுவந்து தந்தால், எந்த மரத்திலிருந்து என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரம்பத்தையும் கத்தரியையும் மரத்துக்கு மரம் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தைக் காப்பாற்ற உறுதியான மருந்து எதுவும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதும் பரப்பாமல் இருப்பதும்தான் நம்மால் ஆனது.

மண்டேலா தினத்தில் நட்ட கன்றுகள் காய்ந்தன

ஜூலை 18 அன்று 67 நிமிடம் தொண்டு. மண்டேலா மக்கள் பணியில் கழித்த 67 ஆண்டுகளுக்காக. ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் அறிவித்த நாள் அது. அலுவலகங்களிலிருந்தும் கோயில் இளைஞர் குழுக்களிலிருந்தும் கூட்டமாக வருகிறார்கள், மனசார வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் மரம் நட ஆசை. ஆனால் ஜூலை நடு என்பது இந்த ஊரில் வறட்சியின் உச்சம். நட்டுவிட்டுப் போன கன்றுக்கு அக்டோபர் மழை வரும்வரை தண்ணீர் விட ஆள் இல்லை.

காய்ந்த கன்றைப் பிடுங்குவதற்கு முன் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் வாரம் இரண்டு முறை ஒரு வாளித் தண்ணீர், மெதுவாக. சுற்றிலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். பச்சையே இல்லையென்றால் எடுத்துவிட்டுக் குழியை அப்படியே வையுங்கள்.

அடுத்த மண்டேலா தினத்துக்கு அந்த 67 நிமிடத்துக்கு வேறு வேலை தயாராக வையுங்கள்: குழி தோண்டி உரம் கலந்து வைப்பது, தொட்டி கழுவுவது, விதை சுத்தம் செய்வது, பெயர்ப்பலகை எழுதுவது, லன்டானா (உண்ணிச்செடி) களையை வெட்டுவது. வந்தவர்களின் முகவரியை வாங்கிக்கொண்டு, மழை தொடங்கிய பிறகு அவர்கள் தோண்டிய குழியிலேயே மரம் நட அழையுங்கள். செப்டம்பர் முதல் வார மரம் நடுவிழாவில் நட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள். பெயர் இல்லாத கன்றை நடாதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பு.

கிளைவியா சரியில்லை

ஜூலு மொழியில் உமாயிமே என்பார்கள். இந்த மண்ணின் காட்டுச்செடி, நிழலில் வளர்வது.

இலையில் வெளிறிய, காய்ந்த திட்டு மேற்பக்கம் மட்டும் இருந்தால் வெயில் சுட்டது. இலையுதிர்க்கும் மரத்தடியில் நட்டால் குளிர்காலத்தில் மேலே கூரை இருக்காது. நிழல்வலை கட்டுங்கள், அல்லது பசுமை மாறாத மரத்தடிக்கு மாற்றுங்கள்.

பூத்தண்டு மேலே வராமல் இலைகளுக்கு நடுவே சிக்கி அங்கேயே பூத்துவிட்டால், தண்டு கிளம்பும் நேரத்தில் குளிர் அதிகம் அல்லது தண்ணீர் குறைவு. மே முதல் ஜூலை வரை அளவாக விட்டு, நடுவில் மொட்டு எட்டிப் பார்த்ததும் தண்ணீரைக் கூட்ட வேண்டும். கையால் இழுத்துவிடப் பார்க்காதீர்கள், ஒடியும்.

நடு இலை இழுத்தால் கையோடு வந்து நாற்றம் அடித்தால் அழுகல். மேலிருந்து தண்ணீர் விட்டுக் குருத்தில் தேங்கியிருக்கும், அல்லது கழுத்துவரை மூடாக்கு குவித்திருப்பார்கள். அழுகியதைச் சுத்தமாக வெட்டி, வேர் நன்றாக இருந்தால் உலரவைத்து நடுங்கள். பக்கக் கன்று வரும்.

இலை காகிதம் மாதிரி வெளுத்து, உள்ளே கறுப்பும் மஞ்சளும் வளையமிட்ட புழு ஓடினால் லில்லித் துளைப்பான். குளிர்காலத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும். ஆகஸ்டில் மூடாக்கைப் புரட்டினால் கறுப்புக் கூடுகள் கிடைக்கும், பொறுக்கிவிடுங்கள். செப்டம்பரிலிருந்து வாரம் ஒருமுறை இலையடிகளைப் பார்த்துக் கையால் எடுப்பதே போதும்.

சிவந்த பழங்களைப் பறிக்கவும் இதுதான் பருவம். சதையை நீக்கிக் கழுவி உடனே விதையுங்கள், காயவைத்தால் முளைக்காது.

கிழங்குப் பாத்தி காலியாக இருக்கிறது

யூகோமிஸ் மாதிரியான கிழங்குச் செடிகள் குளிர்காலத்தில் இலையை முழுக்க இழந்து மண்ணுக்குள் போய்விடும். பார்ப்பவருக்கு வெற்று மண். வெற்று மண்ணைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காது, கொத்திவிடுவோம், அல்லது வேறு செடி நடுவோம், அல்லது பாவம் என்று தண்ணீர் ஊற்றுவோம். மூன்றும் கெடுதல்.

செப்டம்பரில் ஒன்றும் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், பல இனங்கள் முதல் நல்ல மழைக்குப் பிறகே எட்டிப் பார்க்கும். அக்டோபர் கடைசியிலும் இல்லையென்றால் ஓரத்தில் கையால் மண்ணை விலக்குங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் மூடிவிடுங்கள். கூழாகி நாறினால் குளிர்காலத் தண்ணீர் செய்த வேலை. கிழங்கே இல்லை, வளை மாதிரி ஓட்டம் தெரிகிறது என்றால் மண்ணெலி. பெரிய குழி, சிதறிய மண் என்றால் முள்ளம்பன்றி, அதற்குக் கம்பிவலையை மண்ணுக்குள் புதைத்து நடவேண்டும். குழி நேர்த்தியாக, கருவியால் தோண்டியதாக இருந்தால் மனிதக் கை. யூகோமிஸ், ஜூலுவில் உமத்துங்கா, நாட்டு மருந்துக்குக் கேட்கப்படும் கிழங்கு. அலுவலகத்தில் சொல்லுங்கள், ஆனால் தோட்டத்தில் எந்தக் கிழங்கு எங்கே இருக்கிறது என்று படம் போட்டு ஊருக்குச் சொல்லாதீர்கள்.

இலை இருக்கும்போதே, மார்ச், ஏப்ரலில், பாத்தியின் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள்.

புல்தரையும் கற்றாழையும்

கிகுயூ புல் குளிர்காலத்தில் வைக்கோல் நிறமாவது உறக்கம். ஒரு ஓடுதண்டைப் பிடுங்கிப் பாருங்கள், வெளுப்பாகக் கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. இப்போது உரம் போடாதீர்கள், ஆகஸ்ட் கடைசி வரை பொறுத்துச் சீப்புவாரியால் பழைய புல்லை வாரி எடுத்த பிறகு போடலாம்.

ஆலோ கற்றாழை ஜூன், ஜூலையில் பூக்கும், தேன்சிட்டு வரும். இலை சிவந்தால் குளிருக்கும் வறட்சிக்கும் அது காட்டும் நிறம், நோயில்லை. பூத்தண்டிலோ இலைக்கணுவிலோ கட்டிகட்டியாகப் புடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். நல்ல சதை வரைக்கும் வெட்டி, பையில் கட்டி அகற்றி, கத்தியைத் துடையுங்கள். தண்டைச் சுற்றித் தொங்கும் காய்ந்த இலைப் பாவாடையை உரிக்காதீர்கள், குளிருக்கு அதுதான் போர்வை.

சருகுக் குவியல் மக்கவே இல்லை

போன ஆண்டுப் பிளேன் இலை அப்படியே இருக்கிறதா? உள்ளே கைவிட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். பிளேன் இலை தடிப்பு, தானாக மக்க நாளாகும். குவியலைப் பிரித்து, ஒரு அடுக்கு சருகு, தண்ணீர், ஒரு அடுக்கு பச்சை அல்லது சாணம் என்று மறுபடி அடுக்குங்கள். குளிர்காலத்தில் பச்சைக்கு எங்கே போவது? கோயிலுக்குப் போங்கள். ஆடி மாதக் கஞ்சிப் பூசைக் காலத்தில் மாரியம்மன் கோயில்களில் மாலையும் வாழையிலையும் மூட்டை மூட்டையாக மிஞ்சும். நூலையும் ஜிகினாவையும் நைலானையும் பிரித்தெடுக்கும் வேலையைக் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்யலாம். சாமிக்குப் போட்ட பூ காலில் மிதிபடாமல் மண்ணாவது பெரியவர்களுக்கும் திருப்தி.

பிளேன் சருகு வாருகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும். இலையின் மெல்லிய ரோமம் தொண்டையை அரித்து இருமல் வரவைக்கும். பக்வீட் என்ற களையின் இலைக்கும் அப்படித்தான். வெதுவெதுப்பான ஆகஸ்ட் நாளில் குவியலுக்குள் பாம்பு இருக்கக்கூடும், முதலில் முள்ஃபோர்க்கால் கிளறுங்கள், பிறகு கை.

வெட்டிய களை மறுபடி முளைக்கிறது

லன்டானா, பக்வீட் இரண்டையும் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டுப் போனால் செப்டம்பரில் இரட்டிப்பாக வரும். காய்ந்த குளிர்கால மண்ணில் இழுத்தால் வேர் பாதியில் அறுந்துவிடும். குளிர்காலத்தில் கிளைகளை வெட்டிக் குறைத்து, அடிக்கட்டைக்கு நிறம் பூசி அடையாளம் வையுங்கள். முதல் மழைக்குப் பிறகு மண் இளகியதும் வேரோடு பிடுங்குங்கள். பெரிய கட்டைக்குக் களைக்கொல்லி பூசும் வேலை தோட்ட ஊழியர்களுடையது.

வேம்பு மாதிரி இலையுள்ள சிரிங்கா மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேப்பிலை கிடைக்காத இந்த நாட்டில் நம் முன்னோர் அம்மனுக்கு அந்த இலையைக் கட்டினார்கள், அந்த மரத்தின் மேல் நமக்குப் பாசம் உண்டு. ஆனால் அது ஆக்கிரமிப்பு மரம். இலையில்லாத குளிர்காலத்தில் தொங்கும் மஞ்சள் பழத்தைப் பறவைகள் ஓடைக்கரை முழுக்க விதைக்கின்றன. பழம் மனிதருக்கு விஷம். பூசைக்கு வேண்டிய இலையைப் பழைய மரங்களிலிருந்து பறியுங்கள், ஓடைக்கரைக் கன்றுகளைப் பிடுங்குங்கள்.

விற்பனைக்கு விதைத்த நாற்று சாய்கிறது

வசந்தகாலச் செடி விற்பனைக்கு மிளகாய், கத்தரி, கீரை நாற்று நன்றாகப் போகும். முளைத்த நாற்று மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். கழுவாத பழைய தட்டு, அதிகத் தண்ணீர், காற்றில்லாத மூடிய இடம். சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துப்போட்டு, மீதிக்குத் தண்ணீரைக் குறைத்து, மூடியைத் திறந்துவையுங்கள். தட்டுகளை ஜூனிலேயே பிளீச் கலந்த நீரில் கழுவியிருக்க வேண்டும்.

முளைக்கவே இல்லையென்றால் மண் குளிர். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டி சொல்லிக் கேட்டு ஜூலையில் விதைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆடி மழையைக் கொண்டுவரும். இங்கே ஆடி நடுக்குளிரில் வருகிறது. மிளகாய்க்கு மண்ணில் 20 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே, வெயில் படும் ஜன்னலோரத்தில் ஆகஸ்ட் நடுவில் விதையுங்கள். வெளியே நடுவது உறைபனி முடிந்த பிறகு.

செப்டம்பரில் சனிக்கிழமை ஆள் வருவதில்லை

வேலை குவியும் நேரத்தில் ஆள் குறைந்தால் தொண்டர்களைக் குறை சொல்லாதீர்கள், காலண்டரைப் பாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை. விரதம், கோயில், வீட்டில் படையல். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை வேலை நாளை ஞாயிறுக்கு மாற்றினால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாலும் ஆள் வராது, புல்லில் உறைபனி இருக்கும்போது மிதிக்கவும் கூடாது. ஒன்பது மணி சரி.

முதல் தடவை வந்து இரண்டாம் தடவை வராதவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று நோட்டில் பாருங்கள். மூன்று மணி நேரம் தனியாகக் களை பிடுங்கவிட்டிருந்தால் காரணம் அதுதான். புதியவரைப் பழையவர் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். கத்தரியைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பாத்தியில் எது பூமொட்டு, எது இலைமொட்டு என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரிந்த பிறகு கத்தரியைக் கையில் கொடுக்கலாம்.